ஒரு மூட்டைப் பேரிக்காய்: பெரியா, சைடரா, வினாகிரியா, வெறும் சாறா?

ஹக்கலையைத் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கும் பாதையோரக் கடைகளில் ‘பெயார்ஸ்’ என்று குவித்து வைத்திருக்கும் காயைக் கடித்துப் பார்த்தவர்கள் இரண்டாவது காயைத் தேடுவது குறைவு. கல்லுப்போல் இருக்கும். சதைக்குள் மணல் நறநறக்கும். இனிப்பு உண்டு, புளிப்புத்தான் இல்லை. ஆனால் மரம் கணக்குப் பார்க்காமல் காய்க்கும். பருவத்தில் மூட்டை மூட்டையாகக் கொட்டும். வீட்டார் தின்று தீராது, பாதி மரத்தடியிலேயே அழுகும். இதைப் பிழிந்து காசாக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான்கு வழி இருக்கிறது. சூடாக்கி அடைத்த சாறு ஒன்று. பேரிக்காய்ச் சாற்றைப் புளிக்கவைத்து எடுக்கும் ‘பெரி’ என்ற மது ஒன்று. கடை அப்பிளையும் சேர்த்துக்கொண்டு, அப்பிள் மதுவான சைடர் ஒன்று. இந்த மதுவை மேலும் புளிக்கவிட்டுக் கிடைக்கும் வினாகிரி ஒன்று.

பிழிந்த பிறகு யோசிக்கலாம் என்று விட்டால் அங்கேயே தவறிவிடும். பெரிக்குப் பிழிந்த அன்றே, வேண்டாத கிருமியை அடக்கும் சல்பைட்டு போட வேண்டும். வினாகிரியை உண்டாக்கும் பக்டீரியாவுக்கு அதே சல்பைட்டு எமன். பெரிக்குக் குளிர் வேண்டும், காற்றுப் படக்கூடாது. வினாகிரிக்குச் சூடும் காற்றும் இல்லாமல் வேலை நடக்காது. சாற்றுக்கோ வைக்கும் இடத்தின் வெப்பநிலையைவிடக் காயின் சுத்தம்தான் முக்கியம். ஆகவே எந்த வழி என்று முடிவுசெய்துவிட்டுத்தான் காயைக் கழுவ வேண்டும்.

சட்டத்தையும் இப்போதே பார்த்துவிடுவோம். இலங்கையில் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது உற்பத்தி செய்ய முடியாது. பெரியோ சைடரோ செய்ய நினைப்பவர், அளவு எவ்வளவு சிறிதானாலும், மதுவரித் திணைக்களத்தில் கேட்டுவிட்டுத்தான் ஈஸ்ட் வாங்க வேண்டும். வினாகிரியும் நடுவில் சில கிழமை மதுவாக இருந்துதான் வினாகிரியாகிறது. அதற்கும் எழுத்தில் பதில் வாங்கி வைத்திருப்பது புத்தி. சாற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. வடிப்பது பற்றி இங்கே பேச்சே கிடையாது. அது கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தின் வழி.

அப்பிளா, பேரிக்காயா

சைடர் என்றதும் பலரும் நினைப்பது கடையில் வாங்கும் அப்பிளைத்தான். அது இறக்குமதிச் சரக்கு, விலையும் அதற்கேற்றது. அப்பிள் மரம் தளிர்த்துப் பூக்க, பெரும்பாலான வகைகளுக்குக் குளிர்காலத்தில் 7 பாகைக்குக் கீழே 800 முதல் 1000 மணி நேரம் தேவை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் அத்தனை மணி நேரக் குளிர் அங்கும் சேராது. ‘அன்னா’, ‘டோர்செட் கோல்டன்’ போன்ற குறைந்த குளிர் போதுமான வகைகளை வைத்துப் பார்க்கலாம். ஆனால் அவையும் தின்னும் அப்பிள்கள்தான், சைடருக்கென்று வளர்த்த வகைகள் அல்ல.

அந்த வேறுபாட்டில்தான் விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1903இல் தொடங்கிய லோங் ஆஷ்டன் ஆய்வு நிலையம் சைடர் அப்பிள்களை இரண்டே அளவுகளால் நாலாகப் பிரித்தது. அமிலம் 0.45 விழுக்காட்டுக்கு மேலா கீழா, டானின் 0.2 விழுக்காட்டுக்கு மேலா கீழா என்பதுதான் அந்த அளவுகள். இரண்டும் குறைந்தால் இனிப்பு வகை, அமிலம் மட்டும் கூடினால் புளிப்பு, டானின் மட்டும் கூடினால் துவர் இனிப்பு, இரண்டும் கூடினால் துவர்ப்புளிப்பு. டானின் என்றால் வேறொன்றுமில்லை, வாழைப்பூவிலும் சாயத் தேநீரிலும் நாக்கை இழுத்துப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு. கடை அப்பிளில் அது இருப்பது மிகக் குறைவு. ஆகவே கடை அப்பிளை மட்டும் பிழிந்து புளிக்கவைத்தால் கிடைப்பது வாசனை போன, தண்ணிப்பட்ட, ஒரு மிடறுக்குப் பின் மறந்துபோகும் பானம். மூன்று பங்கு ‘காலா’ என்ற இனிப்பு அப்பிளுக்கு ஒரு பங்கு ‘கிரேனி ஸ்மித்’ பச்சை அப்பிள் என்று கலந்தால் புளிப்பு சரியாகும், துவர்ப்பு வராது. இத்தனை விலை கொடுத்து வாங்கி இதைச் செய்வதில் பொருளே இல்லை என்பது எங்கள் தீர்ப்பு. பெட்டிச் சாறு வாங்கிச் செய்ய நினைத்தால் லேபலைப் படியுங்கள்: பொட்டாசியம் சோர்பேற்று, சோடியம் பென்சோவேற்று என்று இருந்தால் ஈஸ்ட் பெருகாது.

பேரிக்காயில் இன்னொரு இயல்பு உண்டு. அதில் சோர்பிற்றோல் என்ற இனிப்பு கணிசமாக இருக்கிறது. அப்பிளில் அது சொற்பம். ஈஸ்டால் அதைத் தின்ன முடியாது. அதனால் சீனி எல்லாம் தீர்ந்த பிறகும் பெரியில் இலேசான ஓர் இனிப்பு தானாகவே நிற்கும். இனிப்புச் சைடர் வேண்டும் என்பவர்கள் புளித்தலை நிறுத்தவும் கிருமி கொல்லவும் படும் பாடு பெரிக்காரருக்கு இல்லை. இரண்டு எச்சரிக்கை மட்டும். அதிகம் குடித்தால் சோர்பிற்றோல் வயிற்றைக் கலக்கும். அடுத்தது, சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.000க்கு இறங்காமல் 1.004, 1.005 என்று நின்றுவிட்டால் ‘புளித்தல் பாதியில் நின்றுவிட்டது’ என்று பதறி மேலும் ஈஸ்ட் கொட்ட வேண்டாம். அது முடிந்துவிட்டது.

இதிலேயே பேரிக்காய் முந்திவிடுகிறது. ஆனால் நம் காயின் குறை பெரியது: சாப்பாட்டுப் பேரிக்காயின் பிஎச் (புளிப்பின் அளவு, எண் கூடினால் புளிப்பு குறையும்) பொதுவாக 3.6 முதல் 4.2 வரை இருக்கும், துவர்ப்போ போதாது. இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர், ஹெரிபோர்ட்ஷயர், வூஸ்டர்ஷயர் மூன்று மாவட்டங்களிலும், பிரான்சின் டொம்ஃப்ரோனிலும், ஆஸ்திரியாவின் மோஸ்ட்வியர்ட்டலிலும் பெரிக்கென்றே வளர்க்கும் மரங்களின் காயை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு துவர்க்கும். டொம்ஃப்ரோனில் 2002இல் கிடைத்த பெயர்ப் பாதுகாப்பு விதியின்படி ‘பிளான் த பிளான்’ என்ற ஒரு வகை குறைந்தது 40 விழுக்காடு இருக்க வேண்டும். அந்த மரங்கள் 200, 300 வருடம் நிற்கும், நட்டவரின் பேரப்பிள்ளை குடிக்கும். நமக்கு அந்த மரம் இல்லை. ஆகவே துவர்ப்பை வேறொரு பழத்திலிருந்து கடன் வாங்க வேண்டும்.

துவர்ப்புக்கு: தேயிலையா, நெல்லியா

தேயிலை நாட்டில் இருந்துகொண்டு டானினுக்கு அலைவதா என்று தோன்றும். மற்ற நாடுகளிலும் வீட்டில் பழமது செய்பவர்கள் ஒரு கோப்பை கடும் சாயம் ஊற்றுவதுண்டு. கணக்குப் பார்ப்போம். 5 லீற்றர் சாற்றுக்கு 10 கிராம் பி.ஓ.பி. ரகத் தேயிலையை 200 மில்லி கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு வடித்து ஊற்றினால், லீற்றருக்கு ஏறக்குறைய 0.2 முதல் 0.3 கிராம் துவர்ப்புப் பொருள் சேரும். துவர் இனிப்பு அப்பிளில் இருப்பது லீற்றருக்கு 2 கிராமுக்கு மேல். அதாவது பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. பத்து மடங்கு தேயிலை போட்டால் பெரி குடிக்க மாட்டீர்கள், ஆறிப்போன சாயம் குடிப்பீர்கள். தேயிலை ஒரு கைகொடுப்பு, அவ்வளவே. வேறெதுவும் கிடைக்காத இடத்தில் பாவிக்கலாம்.

நெல்லி அப்படியல்ல. பதுளைப் பக்கம், ஊவாவின் பற்றனை எனப்படும் புல்வெளிச் சரிவுகளில் தானாக வளர்ந்து நிற்கும் பெருநெல்லியில் புளிப்பும் துவர்ப்பும் ஒன்றாகவே இருக்கின்றன, அதுவும் தாராளமாக. லோங் ஆஷ்டன் கணக்கில் வைத்தால் அது உச்சமான துவர்ப்புளிப்பு வகை. இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஜேர்மனியின் பிராங்போர்ட்டில் அப்பிள் மதுவுக்கு ‘ஸ்பெயர்லிங்’ என்ற கடும் துவர்ப்புப் பழத்தின் சாற்றைச் சில விழுக்காடு சேர்ப்பது பழைய வழக்கம். தெளியவும் கெடாமல் நிற்கவும் அது உதவுகிறது. ஸ்பெயர்லிங் இருக்கும் இடத்தில் நாங்கள் நெல்லியை வைக்கிறோம். அரைநெல்லியை இதோடு குழப்பிவிட வேண்டாம். அது புளிக்கும், துவர்ப்பு கையளவுகூட இராது.

அளவு: லீற்றருக்கு 30 முதல் 50 மில்லி நெல்லிச் சாறு. 5 லீற்றருக்கு 250 மில்லி வேண்டுமானால் கொட்டை நீக்கிய நெல்லி அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். முதலிலேயே முழு அளவையும் கொட்ட வேண்டாம். நான்கு கோப்பைகளில் 100 மில்லி பேரிச் சாறு எடுத்து, ஒன்றில் ஒன்றும் சேர்க்காமல், மற்றவற்றில் 2, 4, 6 மில்லி நெல்லிச் சாறு சேர்த்துக் குடித்துப் பாருங்கள். இரண்டு நாள் மூடி வைத்தும் பாருங்கள். பேரிச் சாற்றின் இயல்பு கலவைகளைக் கண்டால் மண்டி பிடிப்பது. டானினும் புரதமும் கூடிக் கலங்கி அடியில் பஞ்சுபோல் படியும். கண்ணாடிக் கோப்பையை யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், மேலே தேன் நிறம் தெளிந்தும் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு வெள்ளை மேகமும் தெரியும். அது கெட்டதல்ல. ஆனால் போத்தலில் நடக்கக் கூடாது, பானையில் நடந்து முடிய வேண்டும்.

புளிப்பின் மிச்சக் குறையை மாலிக் அமிலத் தூளால் சரிசெய்யலாம்: லீற்றருக்கு 1 கிராம் சேர்த்து அளந்து, தேவையானால் இன்னொரு கிராம். தேசிக்காய் பிழிந்தாலும் பிஎச் இறங்கும். 10 மில்லி தேசிச் சாறு லீற்றருக்கு ஏறக்குறைய அரைக் கிராம் சிட்ரிக் அமிலம் தரும். ஆனால் லக்றிக் பக்டீரியா புகுந்தால் சிட்ரிக் அமிலத்திலிருந்து அசற்றிக் அமிலம் உண்டாகும், பெரியில் வினாகிரி நெடி வரும். தேசிக்காயைக் கடைசித் தெரிவாகவே வைத்துக்கொள்வோம். இலக்கு பிஎச் 3.5. அதைத் தாண்டி 3.8க்கு மேலே நின்றால் தொடங்க வேண்டாம். அமிலம் குறைந்த, சீனி மிஞ்சிய சாற்றில் ஒருவகைப் பக்டீரியா பெருகி வாழைத்தோல் வாசனையும் பாலேறிய கலங்கலும் உண்டாக்கும். அது வந்த பானையை மீட்க முடியாது.

அரைத்துப் பிழிவது

இங்கே நான்கு வழிக்கும் ஒரே வேலைதான். காயைப் பிழிகிற அன்று சிலவற்றை நடுவில் வெட்டிப் பாருங்கள். பேரிக்காய் உள்ளிருந்து வெளியே அழுகும். தோல் பச்சையாகப் பளபளக்க, நடுவில் தவிட்டு நிறமாகி இருக்கும். அப்படி நான்கில் ஒன்று இருந்தால் அந்தக் குவியல் சாற்றுக்கு ஆகாது. காரணம், பூஞ்சணம் பிடித்த பழத்தில் உண்டாகும் பட்டுலின் என்ற நஞ்சு சூட்டில் முழுதாக அழியாது. புளிக்கும்போது பெரும்பகுதி சிதையும் என்றாலும், அதற்காகப் பூஞ்சணக் காயைப் பெரிப் பானையில் போட வேண்டியதில்லை.

மிக்சியில் போட்டு மாவாக அரைப்பவர்கள் பிழியும்போது துணியை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். வேண்டியது மாவல்ல, நொறுங்கல். சிறு பயறு அளவிலிருந்து கடலை அளவு வரை துகளாக்கினால் போதும். விதையை அரைக்கவும் கூடாது, கசப்பு இறங்கும். கொஞ்சமாகச் செய்பவர்கள் துண்டு போட்டு இரவு முழுக்க உறைபெட்டியில் வைத்து, மறுநாள் இளகவிட்டுப் பிழிந்தால் அரைக்கும் வேலையே பாதி குறையும். அதிகமாகச் செய்பவர்கள் தடித்த பலகைச் சட்டத்துக்குள் லொறி ஜக்கு ஒன்றை நிறுத்தி, துணியில் சுற்றிய அடுக்குகளுக்கு இடையில் மரத்தட்டு வைத்து இறுக்கலாம். ஜக்கின் எண்ணெய் சாற்றில் சொட்டாமல் அதன் கீழே ஒரு தகடு வைக்க மறக்கக் கூடாது. 10 கிலோ காய்க்கு 5 முதல் 6 லீற்றர் கிடைக்கும்.

மேலை நாட்டுப் பெரிக்காரர்கள் நொறுக்கியதை ஓரிரவு ஊறவிட்டு, துவர்ப்பைக் குறைத்துத்தான் பிழிவார்கள். நம் காய்க்கு அது வேண்டாம். குறைக்கத் துவர்ப்பே இல்லை, பழ ஈ மட்டும் விருந்து உண்ணும்.

பெரி: எப்படி நடக்கும், எங்கே நடக்க வேண்டும்

இதற்குத்தான் நாங்கள் அதிக இடம் கொடுப்போம். குழப்பங்கள் அதிகம் நிகழ்வதும் இங்கேதான்.

சாற்றின் தன்னீர்ப்பை, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தியை, முதலில் அளக்க வேண்டும். 1.045 என்றால் முடிவில் 5.5 முதல் 6 விழுக்காடு மதுசாரம் எதிர்பார்க்கலாம். 1.040க்குக் கீழே என்றால் சீனி சேர்க்கலாம். ஒரு புள்ளி, அதாவது 0.001, கூட்ட லீற்றருக்கு 2.6 கிராம் சீனி. 1.040ஐ 1.045 ஆக்க 5 லீற்றருக்கு 65 கிராம்.

அடுத்தது சல்பைட்டு. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டு தூளை 5 லீற்றருக்கு பிஎச் 3.5 என்றால் 1 கிராம், 3.8 என்றால் 1.5 கிராம். ஒரு கிராமைச் சமையலறைத் தராசில் நம்ப முடியாது. 10 கிராமைத் தண்ணீரில் கரைத்து மொத்தம் 100 மில்லியாக்குங்கள், அதில் 10 மில்லி எடுத்தால் அதுவே 1 கிராம். அந்தக் கரைசலை முகத்துக்கு நேரே மோந்து பார்க்க வேண்டாம். ஆஸ்துமாக்காரர் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், அவர்களுக்கு அந்தப் பெரியைக் கொடுக்கும்போதும் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். சல்பைட்டு போட்டு 24 மணி நேரம் கழித்துத்தான் ஈஸ்ட்.

ஈஸ்டில் மூன்று தெரிவு. பழத்தோலில் இருக்கும் காட்டு ஈஸ்ட் நல்ல சிக்கலான சுவை தரும். ஆனால் எது முந்திக்கொள்ளும் என்று தெரியாது, முதல் முறை செய்பவருக்கு அது சூதாட்டம். ரொட்டி ஈஸ்ட் எல்லாக் கடையிலும் கிடைக்கும், 5 லீற்றருக்கு 2 கிராம் போதும், வேலையை முடிக்கும். ஆனால் அடியில் இறுகப் படியாது. போத்தலை அசைத்தால் மேலெழும், ரொட்டி வாசனை போகாது. பொதிகளில் வரும் வைன் ஈஸ்ட் விலை கூட, அதைக் கொழும்பிலோ இணையத்திலோ தேட வேண்டும். இருந்தும் அதையே சொல்வோம். 1 கிராமில் வித்தியாசம் நாக்குக்குத் தெரிகிற இடம் இது.

பானை இருக்கும் ஊரும் ஒரு தெரிவுதான். நுவரெலியாவின் சராசரி ஏறக்குறைய 16 பாகை. பெரிக்கு வேண்டிய 14 முதல் 18 பாகை அங்கே குளிரூட்டி இல்லாமலே கிடைக்கிறது. உலகத்தில் பல சைடர்காரர் காசு கொடுத்து வாங்கும் குளிர் அது. புளித்தல் மெதுவாக நான்கு, ஐந்து கிழமை நடக்கும், பழ வாசனை வெளியே ஓடாது. தை மாதத்தில் இரவுக் குளிர் மிகவும் இறங்கும்போது ஈஸ்ட் படுத்துவிடும். பானையைச் சாக்கால் சுற்றி உள்ளறையில் வைத்தால் போதும். பண்டாரவளை, ஹட்டன் உயரத்தில் 20 பாகையை ஒட்டி நடக்கும், இரண்டு மூன்று கிழமையில் முடியும், நன்றாகவே வரும். பதுளைக்கு இறங்கிவிட்டால் வேகம் கூடும், வாசனை குறையும், நெடி சேரும். அங்கே இருப்பவர் வேறு வழியைப் பார்ப்பது நல்லது. அதைக் கீழே சொல்கிறோம்.

முதல் நான்கைந்து நாள் நுரை பொங்கும், அதற்காக வாளியில் ஐந்தில் ஒரு பங்கு வெறுமையாக விட வேண்டும். நுரை அடங்கியதும் கழுத்துவரை நிரம்பும் கலனுக்கு மாற்றி, மூடியில் துளையிட்டு ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலில் அமிழ்த்த வேண்டும். காபனீரொட்சைட்டு வெளியே போகும், காற்று உள்ளே வராது. பாதி நிரம்பிய கலனில் மாதக்கணக்கில் விட்ட பெரி வெள்ளை ஆடை போர்த்துக்கொள்ளும், பிறகு வினாகிரியாகும். சிலருக்கு அழுகிய முட்டை வாசனை வரும். அது கந்தகம், ஈஸ்டுக்குச் சத்துப் போதாமல் வருவது. தொடக்கத்திலேயே டயமோனியம் பொசுபேற்று லீற்றருக்கு 0.1 கிராம் போட்டிருந்தால் வராது. வந்துவிட்டால் ஒருமுறை சலசலவென்று ஊற்றி மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். இரண்டு மாதம் கழித்து அடியைக் கலக்காமல் குழாயால் இழுத்து மாற்ற வேண்டும்.

நுரைக்க வேண்டுமா, வேண்டாமா? நுரைக்கும் பெரிக்கு, முற்றாக முடிந்தது என்று இரண்டு கிழமை இடைவெளியில் இரண்டு தடவை ஒரே தன்னீர்ப்பு அளந்த பிறகு, லீற்றருக்கு 8 கிராம் சீனி கரைத்து அடைக்கலாம். பழைய சாராயப் போத்தலில் அடைக்கவே கூடாது, அது அழுத்தம் தாங்க ஆக்கியதல்ல, வெடிக்கும். சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல்தான் சரி. இரண்டு விரலால் பிதுக்கிப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கடைசியில் புதுச் சோடா போத்தல் போலக் கல்லாக நிற்கும்போது குளிருக்கு மாற்றிவிட வேண்டும். நுரை வேண்டாதவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. முதல் முறையென்றால் நுரையில்லாமல் செய்வதையே சொல்வோம்.

நுரையில்லாத சைடருக்கு உயிர் கொடுக்க ஸ்பெயினின் அஸ்தூரியாஸில் ஒரு வழக்கம் உண்டு. போத்தலைத் தலைக்கு மேலே தூக்கி, இடுப்பளவில் சரித்துப் பிடித்த கிளாசின் விளிம்பில் மெல்லிய தாரையாக விழவிட்டு, ஒரு மிடறு அளவே ஊற்றி உடனே குடிப்பார்கள். நம்மவர் தேநீர் ஆற்றுவதைப் பார்த்தவருக்குப் புதிதாகத் தோன்றாது. அந்தச் சைடர்ப் பண்பாடு 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இங்கிலாந்தின் மேற்கு மாவட்டங்களிலோ ஜனவரி 17 வாக்கில் பாடிக்கொண்டு அப்பிள் தோப்புக்குள் போய், மரத்தடியில் சைடர் ஊற்றி, கிளையில் வாட்டிய ரொட்டித் துண்டு தொங்கவிட்டு, சட்டி பானை தட்டிக் கூச்சலிடுவார்கள். நம் பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் தள்ளி வருகிறது.

வினாகிரி

பதுளைக்காரருக்கும், மது விற்கும் சுமை வேண்டாம் என்பவருக்கும் இதுவே பொருத்தமான வழி, மேலே சொன்ன எழுத்துப் பதில் மட்டும் கையில் இருக்கட்டும். சல்பைட்டு போடாமல் பிழிந்து, சுத்தமான ஈஸ்டால் முழுதாகப் புளிக்கவிட்டு, சீனி தீர்ந்ததும் அகன்ற கண்ணாடி அல்லது துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரத்தில் பாதி வரை ஊற்ற வேண்டும். அலுமினியம், பித்தளை ஆகாது. நான்கில் ஒரு பங்கு உயிருள்ள வினாகிரி கலக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பங்கு தண்ணீர் விட்ட அசற்றிக் அமிலம், அதில் உயிர் இல்லை. சூடாக்காத தென்னங்கள் வினாகிரி கிடைத்தால் அதுவே உறை. இரட்டைத் துணியால் இறுகக் கட்டினால் காற்று போகும், பழ ஈ போகாது. 25 முதல் 30 பாகையில் இரண்டு மூன்று மாதம். நுவரெலியாவில் அடுப்படி மூலையைத் தவிர வேறிடத்தில் இது ஊர்ந்துதான் நடக்கும். மேலே சல்பைட்டு இல்லாமல் பெரியாக்கி, கீழே கொண்டுபோய் வினாகிரியாக்குவதுதான் மலைநாட்டின் உயர வேறுபாட்டுக்கு ஏற்ற வழி.

6 விழுக்காடு மதுசாரத்திலிருந்து ஏறக்குறைய 5 விழுக்காடு அமிலம் வரும். உறைக்கு ஊற்றிய வினாகிரியின் பலமும் அதில் சேரும். அச்சாறுக்கு 5க்குக் குறைந்தால் பாவிக்க வேண்டாம். மதுசாரம் தீர்ந்த பிறகும் திறந்தே வைத்தால் அதே பக்டீரியா அமிலத்தையும் தின்று தண்ணீராக்கிவிடும். ஆகவே மூக்குக்குள் ஏறும் கூர்மை வந்ததும் போத்தலைக் கழுத்துவரை நிரப்பி அடைத்துவிடுங்கள். விற்க நினைப்பவருக்கு வினாகிரி மெதுவான விற்பனை. ஆனால் கெடாது, மிச்சமானாலும் இழப்பு இல்லை.

சாறு

விரைவில் காசு பார்க்க இது. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வரும் கூட்டத்துக்குக் குளிர்ந்த சாறு வேண்டும், அதைச் செய்ய அதிக விதி இல்லை. பழம் அழுகலின்றி இருக்க வேண்டும். நொறுக்கும்போதே நெல்லிச் சாறு சேர்த்தால் நிறம் கறுக்காது, தண்ணிச் சுவையும் திருந்தும். சூடான போத்தலில் நிரப்பி, தளர மூடி, போத்தலின் கழுத்து வரை தண்ணீரில் வைத்து, உள்ளே 75 பாகை வந்த பிறகு 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு மூடியை இறுக்கி ஆறவிடுங்கள். கொதிக்கவிட்டால் அவித்த பேரிக்காய் வாசனை. வெப்பமானி இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். மங்கலாகவே இருக்கும், பெக்ரினேஸ் நொதி போட்டால் தெளியும், போடாமலும் விற்கலாம்.

எது யாருக்கு

நுவரெலியா, நானுஓயா உயரத்தில் மரமும், அனுமதிப்பத்திரத்துக்குப் பொறுமையும், நெல்லி வாங்க ஒரு பதுளைத் தொடர்பும் இருந்தால் பெரி, அதுவும் நுரையில்லாதது. பண்டாரவளைக்காரர் பாதி பெரி, பாதி வினாகிரி. பதுளைப் பக்கம் வினாகிரி மட்டும். மரம் பிறருடையது, காய் வாங்கித்தான் செய்ய வேண்டும் என்பவர் சாறோடு நிறுத்திக்கொள்ளட்டும். கடை அப்பிள் சைடரை யாருக்கும் சொல்ல மாட்டோம்.

எல்லா வழியிலும் சக்கை மிஞ்சும்: 10 கிலோ காய்க்கு நான்கு ஐந்து கிலோ. லயத்தில் மாடு வைத்திருப்பவரிடம் அன்றே சேர்த்துவிடுங்கள், வழக்கமான புல்லோடு கலந்து சிறிது சிறிதாகத்தான் போட வேண்டும். நாளைக்கு வைத்தால் சக்கைக்குள்ளேயே புளிப்பு தொடங்கும். மாடு அதை ஆசையாகத்தான் தின்னும். மறுநாள் காலை வயிறு ஊதிப் படுத்துக் கிடக்கும் மாட்டுக்கு யார் பதில் சொல்வது?